எண் இல்லாதோர் கவனத்திற்கு

தை 7, திங்கள்

"ரங்கராஜன்" என்று மூன்று முறை அழைத்தார்கள். கூடத்தில் எழுபது பேர் அமர்ந்திருந்தோம். எவரும் எழவில்லை. நான்காம் முறை செவிலி வெளியே வந்து, "யாருப்பா ரங்கராஜன்? காது கேக்காதவரா இருந்தா பக்கத்துல உள்ளவங்க தட்டிச் சொல்லுங்க" என்றபோதுதான் அந்தப் பெயர் என்னுடையது என்பது எனக்கு நினைவு வந்தது.

நாற்பத்தோர் ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு மாநாட்டு மேடையில் பதினாறு தோழர்களோடு வரிசையில் நின்று அந்தப் பெயரைக் களைந்து தமிழ்ப் பெயர் பூண்டேன். பெற்றோர் இட்ட அப்பெயர் அரசு ஏடுகளில் மட்டும் தங்கிவிட்டது. அரங்கவேந்தன் என்றால் துறையூரில் மூன்று தலைமுறைக்குத் தெரியும். ரங்கராஜன் என்றால் அஞ்சல்காரருக்கும் தெரியாது. அதனால்தான், இரண்டு பேருந்து மாறிப் பக்கத்து மாவட்டத்து அரசு மருத்துவமனைக்கு அந்தப் பெயரை அணிந்துகொண்டு வந்தேன்.

முடிவு சொன்னார்கள். குரல்வளையின் இடப்பக்க நாணில் புற்று. தொடக்க நிலை. இருபத்தெட்டு நாள் கதிர்வீச்சு.

மருத்துவர் இளம்பெண். "குரல் பிழைக்குமா?" என்று கேட்டேன்.

"நான் பிழைப்பேனான்னுதான் எல்லாரும் கேப்பாங்க. நீங்க என்ன சார் குரலக் கேக்கறீங்க? என்ன வேலை பாக்கறீங்க?"

"பேசுகிறேன்."

"அது எல்லாரும் பண்றதுதானே" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

பதிவிடத்தில் நல அட்டையைக் கேட்டார்கள், கொடுத்தேன். ஒருவருடைய ஆய்வு முடிவு, மருந்து, படம் அனைத்தும் ஒரே அட்டையின்கீழ்க் கணினியில் ஏறும். எந்த அரசு மருத்துவமனைக்குச் சென்றாலும் மருத்துவர் திறந்து பார்ப்பார். சென்ற ஆண்டு அரசு கொணர்ந்த இந்த நலப்பதிவுத் திட்டத்தின் மேன்மையை முப்பது மேடைகளில் முழங்கியவன் நான். இன்றுதான் என் அட்டையை முதன்முதலாகப் பயன்படுத்தினேன்.

எவரிடமும் சொல்லப் போவதில்லை. நோயுற்ற பேச்சாளனை மேடை நலம் கேட்குமேயன்றி அழைக்காது. சித்திரை பதின்மூன்றில் மாவட்ட மாநாடு. தலைவரின் நிறைவுரைக்கு முந்தைய உரை இருபத்திரண்டு ஆண்டுகளாக என்னுடையது. மருத்துவம் மாசியில் முடிந்துவிடும். எவரும் அறியாமல் போய், எவரும் அறியாமல் மீண்டு, அந்த மேடையில் நிற்பேன்.

சமையல் எரிவளி தீர்ந்துவிட்டது. உருளைக்குச் சொல்ல வேண்டும்.


தை 9, புதன்

உப்பிலியபுரத்தில் திட்ட விளக்கக் கூட்டம். நல்ல திரள். குரல் கரகரத்தது. கரகரப்பை உணர்ச்சி என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

"உன் உடல் உன் வீடு. உன் நோய் அவ்வீட்டின் உள்ளறை. உன் ஒப்புதல் என்னும் திறவுகோல் இன்றி, அந்த அறைக்குள் அரசும் நுழையாது, அயலானும் நுழையான்."

கைத்தட்டல் அடங்க அரை நிமிடம் ஆயிற்று. அந்த வரியை எழுத நான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன்.

ஒலி அமைப்பு வழக்கம்போல் மருதமுத்து. நகரச் செயலாளர், கடைத்தெருவில் ஒலிபெருக்கி நிலையம் வைத்திருப்பவன். "அண்ணே, ஒலிபெருக்கி நிலையம்னு பலகை வச்சா ஒருத்தனும் வாடகைக்கு எடுக்க மாட்டான். மைக் செட்டுன்னாதான் வருவான்" என்று இருபது ஆண்டுகளாக என் தமிழை மறுப்பவன். இன்று ஒலிவாங்கியை என் உதட்டோடு ஒட்ட வைத்தான். விலக்கினேன். மீண்டும் ஒட்ட வைத்தான்.


தை 12, சனி

தா. பேட்டை. மேடைக்கு எனக்கு எப்போதும் கோலி சோடா வரும். இன்று குடுவையில் வெந்நீர் வந்தது.

"சோடா எங்கே?"

"கடை பூட்டிட்டான்ணே."

கடை திறந்திருந்ததைப் பேச்சின் நடுவே மேடையிலிருந்து பார்த்தேன். மருதமுத்துவுக்குச் சிக்கனம் தொற்றிக்கொண்டது போலும்.


தை 14, திங்கள்

முதல் நாள். வெந்நீரில் இளக்கிய வலைத்தகடு ஒன்றை என் முகத்தின் மீது இழுத்துப் பதித்தார்கள். ஆறியதும் என் மூக்கும் மோவாயும் கழுத்தும் கொண்ட முகமூடி ஒன்று உருவாகிவிட்டது. அதை மாட்டி, தலையைப் பலகையோடு பூட்டினார்கள். "எச்சில் முழுங்காதீங்க, பேசாதீங்க, எட்டு நிமிசம்" என்று சொல்லிவிட்டு அனைவரும் அறையைவிட்டு வெளியேறிக் கதவை மூடிக்கொண்டார்கள். எனக்காக ஓர் அரங்கமே வெளியேறியது வாழ்நாளில் இதுவே முதல் முறை.

முகமூடியின் நெற்றியில் வெள்ளைப் பட்டை ஒட்டி, ரங்கராஜன் என்று எழுதியிருந்தார்கள்.

நாள்தோறும் வெளியூர் போவதற்கு மருதமுத்துவிடம் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து மாவட்ட நூலகத்தில் இயக்கத்தின் பழைய இதழ்களைப் படித்துக் குறிப்பெடுக்கிறேன் என்றேன். நம்பிவிட்டான்.

"நல்ல காரியம்ணே. நூலகத்துல குடிக்க நல்ல தண்ணி இருக்காது" என்று தன் வெந்நீர்க் குடுவையையே கையில் கொடுத்தான். "திரும்பி வர்ற பஸ்ல சன்னலோரம் உக்காராதீங்க. தூசி."

பொய் சொல்வது இத்துணை எளிது என்று தெரிந்திருந்தால் இயக்கத்தில் இன்னும் உயர்ந்திருப்பேன்.


தை 15, செவ்வாய்

இரண்டு முடிந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்தது. தைத்தேன்.


தை 19, சனி

குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். இன்று வந்தது. வேட்டி இரண்டு, துண்டு மூன்று துவைத்தேன்.

கொடியில் உலர்த்தும்போது, எதிர்த்தெருவில் தறி ஓட்டும் குமரவேலின் வீட்டுக்குள் மருதமுத்து நுழைவதைக் கண்டேன். கையில் சத்துமாவுப் பொட்டலம். போன மாதம் இதே ஆள் பின்தெருவில் ஒரு கைம்பெண்ணைத் தன் வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனதாகக் கேள்வி. சென்ற ஆடியில் நல அட்டை முகாம் நடத்தியதிலிருந்தே அவனுக்கு இந்தப் பழக்கம். எந்த வீட்டில் எப்போது துன்பம் என்று எப்படியோ மோப்பம் பிடித்துவிடுகிறான். வாக்கு திரட்டும் கலை. நான் பேசித் திரட்டுகிறேன், அவன் மாவு கொடுத்துத் திரட்டுகிறான்.

எனக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை. இயக்கமே குடும்பம் என்று இருந்துவிட்டேன். அதில் குறை ஒன்றும் இல்லை. துவைத்த துணியை மடிக்க இன்னொரு கை இருந்தால் வேட்டி கசங்காது, அவ்வளவே.


தை 24, வியாழன்

ஒன்பது முடிந்தது. உமிழ்நீர் விழுங்குவது முள் விழுங்குவது போல் இருக்கிறது. மருத்துவர், இனி மருத்துவம் முடியும்வரை ஒரு சொல்லும் பேசலாகாது என்றார். தேவையெனில் எழுதிக் காட்ட வேண்டுமாம். வரும் வழியில் நாற்பது பக்க ஏடு ஒன்று வாங்கினேன்.

கழுத்துத் தோல் கருக்கிறது. துண்டைச் சுற்றி மறைத்துக்கொள்கிறேன்.

வாயிலில் தூக்குவாளி. உள்ளே உப்பில்லாத அரிசிக் கஞ்சி, நன்றாகக் குழைத்து, ஆற வைத்து. மருதமுத்து தெருவில் நின்றபடியே, "வீட்டுல கூட வடிச்சுட்டாண்ணே. கொட்டறதுக்குப் பதிலா" என்று சொல்லிவிட்டு, நான் எழுதிக் காட்ட ஏட்டை எடுப்பதற்குள் போய்விட்டான். நான் ஏன் பேசவில்லை என்று அவன் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்வதற்குச் சளி, காய்ச்சல் என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். வீணாயிற்று.


தை 28, திங்கள்

மாவட்டச் செயலாளர் குணபாலன் வீடு தேடி வந்தார். ஆப்பிள், ஆரஞ்சு, ஓட்டுநர் கையில் ஒரு பொன்னாடை. எனக்குப் பொன்னாடை போர்த்துபவர்கள் பொதுவாக ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்ள வருபவர்கள்.

"ஐயா, பேச வேணாம், உக்காருங்க. எல்லாம் தெரியும்."

ஏட்டில், "என்ன தெரியும்?" என்று எழுதினேன்.

"தொண்டை விசயம்தான். மருதமுத்து சொன்னாரு. நல்ல எண்ணத்துலதான் சொன்னாரு, கோவப்படாதீங்க. கூட்டத்தைக் குறைச்சுக் கொடுங்கன்னு கேட்டாரு. நான் குறைக்கிறதென்ன, மாசி மாசம் பூராவும் எடுத்துட்டேன். நம்ம இளம்பேச்சாளர் இளம்பரிதி இருக்கான்ல, பாத்துக்குவான்."

அச்சிட்ட துண்டறிக்கையைக் காட்டினார். பதினான்கு கூட்டங்கள். ஒன்றிலும் என் பெயர் இல்லை.

"மாநாட்டுக்குள்ள தேறிட்டீங்கன்னா தலைவருக்கு முன்னாடி நீங்கதான். அது என் பொறுப்பு. தேறணும், அதான்."

அவர் போன பிறகு பொன்னாடையை மடித்து வைத்தேன். அலமாரியில் இடமில்லை. ஏற்கெனவே நூற்றுக்கும் மேல் இருக்கின்றன.

மருதமுத்துவுக்கு யார் சொன்னது? ஊரில் எவருக்கும் தெரியாத பெயரில், ஊரில் எவரும் போகாத மருத்துவமனைக்குப் போனேன். ஆக, மருத்துவமனையே காட்டிக்கொடுத்திருக்கிறது. நாளை கேட்பேன்.


தை 29, செவ்வாய்

பொறுமையாக எழுத வேண்டும்.

பதிவிடத்தில் ரெஜினா என்ற பெண் இருக்கிறார். அவர்முன் ஏட்டை வைத்தேன். வரும் வழியிலேயே பேருந்தில் எழுதி முடித்திருந்தேன்: "என் நோயை என் ஒப்புதல் இன்றி எவரிடம் வெளிப்படுத்தினீர்கள்? எந்தச் சட்டம் உங்களுக்கு அந்த உரிமையைத் தந்தது? எழுத்து வழியே விடை வேண்டும்."

ரெஜினா இருமுறை படித்தார். "கையெழுத்து முத்து முத்தா இருக்கு தாத்தா" என்றார். பிறகு அட்டையை வாங்கித் தட்டினார். "நாங்க யாருக்கும் சொல்லலியே. ஒவ்வொரு தடவையும் உங்க போனுக்குத்தான் போயிருக்கு. ஆய்வு முடிவு, கதிர்வீச்சுத் தேதி, நேத்து எடுத்த ரத்தம், எல்லாமே. பாருங்க."

திரையைத் திருப்பினார். என் பெயரின்கீழ் ஓர் எண். 4471 என்று முடிகிறது. துறையூரில் அந்த எண்ணை அறியாதவர் இல்லை. எல்லாச் சுவரொட்டியின் அடியிலும் இருக்கும். மருதமுத்துவின் ஒலிபெருக்கி நிலைய எண்.

அப்போதுதான் ஆடி மாதம் நினைவுக்கு வந்தது.

கலியாண மண்டபத்தில் முகாம். மாவட்டத்திலேயே மிகுந்த அட்டை துறையூரில் பதிவாக வேண்டும் என்பது குணபாலன் ஆணை. ஒவ்வொருவர் பதிவிற்கும் தொலைபேசியில் ஆறு இலக்கக் குறியீடு வரும், அதைச் சொன்னால்தான் அட்டை. பலரிடம் தொலைபேசி இல்லை. சிலர் வீட்டில் வைத்துவிட்டு வந்தார்கள். வரிசை நின்றுபோயிற்று. அப்போது ஒலிவாங்கியைப் பிடித்தவன் யார்? "எண் இல்லாதோர் கலங்க வேண்டா. நம் நகரச் செயலாளரின் எண் நம் அனைவரின் எண். அவர் எண்ணைக் கொடுங்கள், அட்டையைப் பெறுங்கள்" என்று முழங்கியவன் யார்? எடுத்துக்காட்டாக இருக்கட்டும் என்று முதல் ஆளாய் மேடையிலேயே தன் அட்டையை அந்த எண்ணில் பதிந்தவன் யார்? என் சட்டைப் பையில் அப்போதும் என் பொத்தான் தொலைபேசி இருந்தது. கைத்தட்டலுக்காக அதை எடுக்கவில்லை.

பெயரை மறைத்தேன். கணினி பெயரைப் பார்ப்பதில்லை. எண்ணைப் பார்க்கிறது.

"மாற்ற வேண்டும்" என்று எழுதினேன். என் எண்ணையும் எழுதினேன்.

"மாத்தலாம். ஆனா பழைய நம்பருக்கு ஒரு குறியீடு போகும். அவங்க சொன்னாத்தான் மாறும். நீங்க பேசி வாங்குங்க."

என் தொண்டையைச் சுட்டிக்காட்டினேன். அவரே எண்ணைச் சுழற்றி, ஒலியைக் கூட்டி வைத்தார். ஒரே மணியில் எடுத்தான்.

"சார், ஆஸ்பத்திரிலேருந்து பேசறோம். ரங்கராஜன்ங்கறவர் எண்ணை மாத்தக் கேக்கறார். ஒரு குறியீடு வந்திருக்கும்..."

"ஒன்பது, பூஜ்யம், ரெண்டு, ரெண்டு, ஏழு, நாலு" என்றான். ஏன், எதற்கு என்று ஒரு சொல் கேட்கவில்லை. பிறகு, "மேடம், அவர் பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு."

"சாப்பிட்டாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

ரெஜினா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஏட்டை மூடினேன்.


மாசி 1, வியாழன்

தூக்குவாளியையும் குடுவையையும் கழுவி, அவன் கடை வாயிலில் வைத்துவிட்டு வந்தேன். மாலையில் கதவைத் தட்டினான். திறக்கவில்லை. சிறிது நேரம் நின்றிருந்தான். செருப்பு ஓசை தெரு முனை வரை கேட்டது.


மாசி 5, திங்கள்

நண்பகலில் தொலைபேசி மணி அடித்தது. ஏதோ ஒரு கிளைச் செயலாளர் துண்டறிக்கையை மீறிக் கூட்டத்திற்கு அழைக்கிறார் என்று அடுப்பை அணைக்காமல் ஓடிவந்து எடுத்தேன். குறுஞ்செய்தி. "ரங்கராஜன்: பதினாறாம் அமர்வு நிறைவு. அடுத்தது நாளை 10.30."

இப்போது என் நோய் என்னிடம் மட்டுமே பேசுகிறது. இதைத்தான் முப்பது மேடைகளில் கேட்டேன். கிடைத்துவிட்டது.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது.


மாசி 10, சனி

தேரடியில் திட்ட விளக்கக் கூட்டம். என் வீட்டுச் சன்னல் வரை ஒலி வந்தது. இளம்பரிதி பேசினான். நல்ல குரல். "உன் உடல் உன் வீடு. உன் நோய் அவ்வீட்டின் உள்ளறை" என்றான். என் வரிதான், ஒரு சொல் மாறவில்லை. கைத்தட்டினார்கள்.

வலித்தது, அவன் எடுத்துக்கொண்டதற்காக அல்ல. அந்தக் கூட்டத்தில் கைத்தட்டியவர்களுள் எத்தனை பேரின் உள்ளறைத் திறவுகோல் ஒலிபெருக்கி நிலையத்து மேசைமேல் கிடக்கிறது?

ஆடி முகாமின் பெயர்ப் பதிவேட்டுப் படி ஒன்று என்னிடம் உண்டு. பாராட்டுரைக்காக வாங்கி வைத்தது. விரலை வைத்து எண்ணினேன். 4471 என்று முடியும் எண் நூற்று முப்பத்தேழு பெயர்களுக்கு நேரே இருக்கிறது. முதற்பெயர் ரங்கராஜன். நாற்பத்திரண்டாம் பெயர் குமரவேல், தறி. தொண்ணூறாம் பெயர் பின்தெருவின் அந்தக் கைம்பெண்.

மாவு கொடுத்து வாக்குத் திரட்டுகிறான் என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

எட்டு மாதமாக நூற்று முப்பத்தேழு பேரின் நோய் ஒருவன் சட்டைப் பையில் ஒலித்திருக்கிறது. ஊரில் ஒரு வம்பு எழவில்லை. ஒரே ஒருமுறை வாய் திறந்திருக்கிறான். என் பொருட்டு.

அந்த ஒருமுறை என்னை ஒரு மாதத்து மேடைகளை இழக்கச் செய்தது. இன்னொருவன் பொருட்டு என்றால் வேலையை இழக்கச் செய்யும், ஒரு பெண்ணுக்கு என்றால் திருமணத்தை இழக்கச் செய்யும். நல்லவன் கையில் இருக்கிறது என்பது காவல் ஆகாது. அந்தத் தொலைபேசி நாளையே தொலைந்து போகலாம்.


மாசி 21, புதன்

இருபத்தெட்டும் முடிந்தது. கடைசி நாள் என்பதால் முகமூடியை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். கூடத்தில் இன்று முடித்தவர்கள் மூவர். ஒருவருக்கு மகள் வந்து இனிப்பு வழங்கினாள், இன்னொருவரைத் தம்பிமார் தோளில் கைபோட்டு அழைத்துப் போனார்கள். எனக்கும் ஓர் இனிப்புக் கிடைத்தது. விழுங்க முடியாமல் தாளில் மடித்துக் கொணர்ந்தேன்.

முகமூடியை நாட்காட்டிக்கு அருகில் ஆணியில் மாட்டினேன். வீட்டில் இன்னொரு முகம் இருப்பது நல்லதுதான்.


பங்குனி 6, வியாழன்

தொலைபேசி இன்றும் ஒலிக்கவில்லை. மின்னூட்டம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது.


பங்குனி 20, வியாழன்

மருத்துவர் சிறு குழாய் விட்டுப் பார்த்தார். "நாண் சுத்தமா இருக்கு. பேசிப் பாருங்க."

என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஒன்று முதல் பத்து வரை எண்ணினேன். வந்தது வேறு எவருடையதோ ஒரு குரல். தாழ்ந்த, உடைந்த, காற்று மிகுந்த குரல். ஆயினும் குரல்.

"ஒரு நாளைக்குப் பத்து நிமிசம். அதுக்கு மேல ஒரு வார்த்தை கூடாது. உங்க மாநாட்டுக்குப் பத்து நிமிசம் போதுமா?"

மாநாட்டைப் பற்றி முன்பே அவருக்கு எழுதிக் காட்டியிருந்தேன். "போதும்" என்றேன். தலைவருக்கு முன் பத்து நிமிடம் என்பது பெருங்கொடை.

வீடு வந்ததும் குணபாலனைத் தொலைபேசியில் அழைத்தேன். மகிழ்ந்தார். "மேடை உங்களுதுய்யா. அழைப்பிதழ்ல பேர் போட்டாச்சுன்னு வச்சுக்கங்க."

"இன்னொன்று. ஆடி முகாமில் நூற்று முப்பத்தேழு பேருக்கு மருதமுத்து எண்ணைப் பதிந்துவிட்டோம். ஊரறிய அறிவித்து மாற்ற வேண்டும்."

"மாநாடு முடியட்டும்யா. இப்ப நாமளே போய்த் தப்புன்னு மைக்ல சொன்னா எதிர்க்கட்சிக்காரன் தூக்கிக்கிட்டுத் திரிவான். நம்ம திட்டம், நம்ம முகாம்."

"அதுவரை வரும் முடிவுகள்?"

"எட்டு மாசம் போகலியா, இன்னும் ஒரு மாசம் போகட்டும். ஐயா, உங்க மேல மரியாதையிலதான் சொல்றேன். அதைக் கிளப்புனீங்கன்னா மாநாட்டை மறந்துருங்க. அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ஆறு நிமிடம் செலவாகியிருந்தது. மீதி நான்கு நிமிடம் பேச எவரும் இல்லை. முகமூடியைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தேன்.


பங்குனி 22, சனி

காலை பத்து மணிக்கு ஒலிபெருக்கி நிலையத்திற்குப் போனேன். மருதமுத்து ஒரு பழைய குழாய் ஒலிபெருக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான். துணியைக் கீழே போட்டான். மறுபடி எடுத்துக்கொண்டான்.

"வாங்கண்ணே."

பத்து நிமிடத்தில் முகமனுக்கு இடமில்லை. "ஓர் அறிவிப்பைப் பதிவு செய்ய வேண்டும். மூன்று சக்கரத் தானியில் ஒலிபெருக்கி கட்டி ஊரெங்கும் ஓட்ட வேண்டும்" என்று, எழுதி வந்த தாளைக் கொடுத்தேன். படித்தான். நெடுநேரம் படித்தான்.

"குணபாலனுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியும்."

"அப்ப மாநாடு?"

"இல்லை."

"இருவத்திரண்டு வருசம்ணே."

"உன் பதவியும் போகலாம். எண்ணிப் பார்த்துச் சொல்."

"பதவி போனா மைக் செட் இருக்கு" என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அவர்கிட்ட நான் சொன்னது தப்புத்தான்ணே. ஒரு நாளைக்கு ரெண்டு கூட்டம் போட்டிருந்தாங்க. மேடைக்குப் பின்னால வந்து நீங்க ரத்தம் துப்பறதைப் பாக்க முடியல."

"தவறுதான்" என்றேன். தலையை ஆட்டினான்.

குருதி துப்பியதை நான் இந்த நாட்குறிப்பில் எழுதவில்லை என்பதை இப்போது காண்கிறேன்.

"எல்லாரோட தகவலும் படிச்சதும் அழிச்சிருவேன்ணே. போன்லேருந்து போயிரும். இங்கேருந்துதான் போகல" என்று நெஞ்சைத் தொட்டான். "பின்தெரு அம்மாவுக்கு வந்தப்ப, மூணு நாள் யோசிச்சேன். போய்ச் சொல்றதா, சொல்லாம இருக்கறதா. அவங்களுக்கே தெரியாத சேதி, எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

ஒலிவாங்கியை என் உதட்டோடு ஒட்ட வைத்தான். இம்முறை விலக்கவில்லை.

"துறையூர் மக்கள் கவனத்திற்கு. சென்ற ஆடியில் கலியாண மண்டப முகாமில் நல அட்டை பெற்றவர்களுள், தம் எண் இல்லாமல் நகரச் செயலாளர் எண்ணைக் கொடுத்தவர்கள், அட்டையோடு கடைத்தெரு மைக் செட் கடைக்கு வரவும். உங்கள் மருத்துவச் செய்திகள் இதுவரை அந்த எண்ணுக்கு வந்திருக்கின்றன. இனி உங்களுக்கே வரும்படி மாற்றித் தருவோம். குறியீட்டைச் சொல்ல நகரச் செயலாளர் அங்கேயே இருப்பார். தொலைபேசி இல்லாதவர்கள், தாம் நம்பும் ஒருவரைத் தாமே தேர்ந்து உடன் அழைத்து வரவும். அந்த எண்ணைக் கொடுக்கச் சொன்னவன் நான். அது தவறு. பேசுவது அரங்கவேந்தன்."

வாழ்நாளில் நான் ஆற்றிய உரைகளுள் இதுவே மிகச் சிறியது. எவரும் கைத்தட்ட இயலாதபடி எழுதியிருந்தேன்.

மருதமுத்து பதிவை ஒருமுறை ஓட்டிக் கேட்டான். "மைக் செட் கடைன்னே சொல்லிட்டீங்களேண்ணே" என்றான். சிரிக்க முயன்று, முடியாமல் கருவியை அணைத்தான். தானிக்காரருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு வந்து, கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஆறு நிமிசம் ஆச்சு. மிச்சத்தை வீணாக்காதீங்க. வீட்டுக்குப் போய் வெந்நீர் குடிங்க."

பத்து நிமிடக் கணக்கை அவனிடம் நான் சொல்லவில்லை. என் செய்தி எதுவும் இப்போது அவனுக்கு வருவதில்லை. மருத்துவமனைக்கே போய் விசாரித்திருக்கிறான் என்று தோன்றியது.

"மீதி நான்கு இருக்கிறது. உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும், மருதமுத்து."

நின்றான்.

"எனக்குத் தொண்டையில் புற்று வந்திருந்தது."

தொலைபேசியை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தான். நாற்காலி ஒன்றை எனக்கு நேரே இழுத்துப் போட்டு அமர்ந்தான். முழங்கையைத் தொடையில் ஊன்றி, இதுவரை கேட்டறியாத ஒன்றைக் கேட்பவன் போல் முகத்தை அருகில் கொணர்ந்தான்.

"எப்பண்ணே தெரிஞ்சுது?"

"தை ஏழு, திங்கள். கூடத்தில் என் பெயரை மூன்று முறை அழைத்தார்கள்..."

"சொல்லுங்க" என்றான்.